மதியச் சாப்பாட்டு மேசையில் மூன்று பெண்கள்: ரோட்டரி கதவு திறந்த கதை

இந்த எபிசோடை நம்ம எல்லாரும் பாத்திருக்கிற ஒரு போர்டுல இருந்து ஆரம்பிக்கலாம். பஸ்ல எந்த ஊருக்குள்ள நுழைஞ்சாலும், ஊர் எல்லையில ஒரு பல்சக்கரம் போட்ட போர்டு நிக்கும். ரோட்டரி கிளப் உங்களை வரவேற்கிறதுன்னு எழுதியிருக்கும். கண் சிகிச்சை முகாம், ரத்த தானம், போலியோ சொட்டு மருந்து, ஸ்கூலுக்குப் பெஞ்சு. நம்ம ஊர்ல ரோட்டரின்னா இதுதான் ஞாபகத்துக்கு வரும். உங்க காலேஜ்ல ரோட்டராக்ட் இருந்திருக்கும், நீங்களே அதுல இருந்திருப்பீங்க, பக்கத்துல ஒரு பொண்ணு செக்ரட்டரியா இருந்திருப்பாங்க.

அதனாலதான் இந்த விஷயம் எனக்குத் தெரிஞ்சப்போ ஆச்சரியமா இருந்துச்சு. 1989 வரைக்கும் ரோட்டரி கிளப்போட உலக விதிப்புத்தகத்துல, ஆண்கள் மட்டும்தான் உறுப்பினர் ஆகலாம்னு இருந்தது. அது மாறினதுக்குக் காரணம் அமெரிக்காவுல ஒரு சின்ன ஊர்ல இருந்த ஒரு குட்டி கிளப். அது மூணு பெண்களைச் சேர்த்துச்சு, அதுக்காகத் துரத்தப்பட்டுச்சு, கடைசியில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

இன்னைக்குக் கதை அதுதான். ஆனா கதைக்குள்ள ஒரு கேள்வி இருக்கு. ஒரு கிளப்புல போய் மதியச் சாப்பாடு சாப்பிடறதுல அப்படி என்ன இருக்கு? அதுக்காக ஒன்பது வருஷம் ஏன் சண்டை போடணும்?

அறை எண் 711

1905, பிப்ரவரி 23. சிகாகோ. பால் ஹாரிஸ்னு ஒரு வக்கீல். வேற ஊர்ல இருந்து பிழைப்புக்காகப் பெரிய நகரத்துக்கு வந்தவர். தொழில் நடக்குது, ஆனா தெரிஞ்ச முகம் இல்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்கு வந்து முதல் ஆறு மாசம் தனியா இருந்தவங்களுக்கு அந்த நிலைமை புரியும்.

அவர் மூணு பேரைக் கூப்பிட்டார். சில்வெஸ்டர் ஷீலி, நிலக்கரி வியாபாரி. கஸ்டாவஸ் லோர், சுரங்க இன்ஜினியர். ஹைரம் ஷோரி, தையல் கடைக்காரர். லோரோட ஆபீஸ்ல, யூனிட்டி பில்டிங்ல 711ஆம் எண் அறையில நாலு பேரும் உட்கார்ந்தாங்க. அதுதான் முதல் ரோட்டரி கூட்டம். ஒவ்வொரு தடவையும் வேற வேற உறுப்பினரோட ஆபீஸ்ல சுத்திச் சுத்திக் கூடினதால ரோட்டரின்னு பேர் வந்தது.

இங்க ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும்.

முதல் விஷயம், ஒரு தொழிலுக்கு ஒரே ஆள். ஒரு வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு தையல்காரர். ஏன்? உள்ள போட்டி இருக்கக் கூடாது. எனக்குக் கோட் தைக்கணும்னா உங்ககிட்ட வருவேன், உங்களுக்குக் கேஸ் இருந்தா என்கிட்ட வருவீங்க. இரண்டாவது விஷயம், 1906ல எழுதின முதல் சாசனத்துல கிளப்போட முதல் நோக்கமே உறுப்பினர்களோட வியாபார நலனை வளர்க்கிறதுதான். நட்பு ரெண்டாவதா வந்தது. ஆரம்ப காலத்துல சிகாகோ கிளப்புல யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தாங்கன்னு கணக்கு எழுதறதுக்குன்னே ஒருத்தர் இருந்தார்.

கொஞ்ச வருஷத்துல அந்தக் கணக்கு எழுதற வழக்கம் போயிடுச்சு. ஊருக்குச் சேவை செய்யறது முன்னாடி வந்தது. அது பொய்யான சேவை இல்லை. போலியோவை ஒழிக்கிறதுல ரோட்டரி போட்ட பணமும் உழைப்பும் உலகத்துக்கே தெரியும். ஆனா அந்த முதல் நோக்கத்தை மனசுல வெச்சுக்கோங்க. 80 வருஷம் கழிச்சு அது கோர்ட்டுல திரும்பி வரும்.

பக்கத்துக் கதவு

அப்போ தொழில் செய்யற பெண்கள் என்ன பண்ணாங்க? சும்மா இருக்கல. சொந்தமா கிளப் ஆரம்பிச்சாங்க.

1919ல நியூயார்க் மாநிலத்துல பஃபலோ நகரத்துல, மேரியன் டி ஃபாரஸ்ட்ங்கிற பத்திரிகையாளர் மற்றவங்களோட சேர்ந்து ஸோன்டான்னு ஒரு அமைப்பைத் தொடங்கினார். அதே வருஷம் தொழில்முறைப் பெண்களுக்கான ஒரு தேசிய கூட்டமைப்பு உருவாச்சு. 1921ல கலிஃபோர்னியாவுல ஓக்லாண்ட்ல சொராப்டிமிஸ்ட் கிளப், 80 பெண்களோட. அந்த கிளப்பை அமைக்க முன்னாடி நின்னவர் ஸ்டூவர்ட் மாரோன்னு ஒரு ஆம்பளை, அவர் ஏற்கெனவே ரோட்டரி கிளப்புகளை அமைச்சவர். அச்சு ஒண்ணுதான்: வேற வேற தொழில்காரங்க ஒரே மேசையில.

இன்னொரு வழியும் இருந்தது. 1924 ஜனவரி 10, இங்கிலாந்துல மான்செஸ்டர். மார்கரெட் கோல்டிங்னு ஒருத்தர், நர்ஸா இருந்து பிறகு சொந்தமா வியாபாரம் செஞ்சவர். அவர் இன்னர் வீல்னு ஒரு அமைப்பைத் தொடங்கினார். இந்தியாவுல இன்னைக்கும் பெரிசா நடக்கற அமைப்பு, உங்க அம்மாவோ அத்தையோ அதுல இருக்கலாம். அது ரோட்டரி உறுப்பினர்களோட மனைவிகளுக்கானதா ஆரம்பிச்சது. யோசிச்சுப் பாருங்க. அந்த அம்மா தானே தொழில் நடத்தினவர். ஆனா ரோட்டரி பக்கம் அவருக்குக் கிடைச்ச இடம், மனைவிங்கிற இடம்.

இந்தப் பெண்கள் கிளப்புகள் நிறைய நல்லது செஞ்சிருக்கு. முதல் தடவையா ஒரு பெண் டாக்டரும் ஒரு பெண் கடைக்காரரும் ஒரே மேசையில உட்கார்ந்து கணக்கு பேசினாங்க. ஆனா ஒரு குறை மிச்சம் இருந்துச்சு. அந்த ஊர்ல பேங்க் மேனேஜர் யாரு? கான்ட்ராக்ட் கொடுக்கறவர் யாரு? கட்டடத்தை வாடகைக்கு விடறவர் யாரு? பெரும்பாலும் ஆம்பளைங்க. அவங்க எல்லாரும் வாரம் ஒரு மதியம் வேற மேசையில உட்கார்ந்திருந்தாங்க.

எட்டு பேர் மிச்சம் இருந்த கிளப்

இப்போ டுவார்டேக்கு வரலாம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல மலையடிவாரத்துல இருக்கற சின்ன ஊர். 1976 வாக்குல அந்த ஊர் ரோட்டரி கிளப்புல எட்டு பேர்தான் மிச்சம். எட்டு பேரை வெச்சுக்கிட்டு என்ன கிளப் நடத்தறது? சேர்க்க ஆள் வேணும். ஊர்ல பொறுப்பான பதவியில இருக்கறவங்க பட்டியலைப் பாத்தா அதுல பெண்கள் இருந்தாங்க.

1977ல டுவார்டே கிளப் மூணு பேரைச் சேர்த்தது. டோனா போகார்ட், மேரி லூ எலியட், ரோஸ்மேரி ஃப்ரைட்டாக்.

இதைப் புரட்சின்னு நினைக்க வேண்டாம். ஆள் இல்லாம மூடப் போற கிளப், தகுதியான மூணு பேரைக் கூப்பிட்டுச்சு, அவ்வளவுதான். ஆனா ரோட்டரி தலைமையகம் அப்படிப் பார்க்கல. விதிக்கு மாறா நடந்திருக்கீங்கன்னு கடிதம் வந்தது. விசாரணை நடந்தது. 1978 மார்ச்ல டுவார்டே கிளப்போட சாசனத்தையே ரத்து பண்ணிட்டாங்க. கிளப் மேல்முறையீடு செஞ்சது, அதுவும் தோத்துப் போச்சு.

அந்தப் பெண்களை வெளியே அனுப்பிட்டா சாசனம் திரும்பக் கிடைச்சிருக்கும். அவங்க அனுப்பல. கிளப்போட பேரை மாத்தினாங்க: டுவார்டே எக்ஸ்-ரோட்டரி கிளப். ரோட்டரி சக்கரத்து மேல ஒரு பெரிய எக்ஸ் குறி. அந்தப் பேர்லயே வாராவாரம் கூடினாங்க, சாப்பிட்டாங்க, ஊர் வேலை செஞ்சாங்க. 1978லயே கேஸும் போட்டாங்க. வழக்கு போட்டது கிளப்பும், எலியட், ஃப்ரைட்டாக்ங்கிற ரெண்டு பெண்களும்.

நம்ம பக்கத்துக் கிளப்புகள்

ஒரு நிமிஷம் கதையை நிறுத்திட்டு ஒரு விஷயம் சொல்லணும். இதைக் கேட்டா, அமெரிக்காக்காரங்கதான் முதல்ல இதைக் கேட்டாங்கன்னு தோணும். இல்லை.

1950ல, டெட்ராய்ட்ல நடந்த ரோட்டரி மாநாட்டுக்கு ஒரு தீர்மானம் போச்சு. கிளப் விதிகள்ல இருக்கற 'ஆண்' என்கிற வார்த்தையை எடுத்துடுங்கன்னு. அனுப்பினது இந்தியாவுல இருந்த ஒரு ரோட்டரி கிளப். சுதந்திரம் வந்து மூணு வருஷம். அந்த வருஷம் ஜனவரியிலதான் நம்ம அரசியலமைப்புச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது, பால் அடிப்படையில பாகுபாடு கூடாதுன்னு எழுதி.

1964ல இன்னொரு தீர்மானம், பெண்களைச் சேர்க்கலாம்னு. அனுப்பினது சிலோன்ல இருந்த ஒரு கிளப். அதுக்கு நாலு வருஷம் முன்னாடிதான் சிலோன்ல சிறிமாவோ பண்டாரநாயக்க உலகத்தோட முதல் பெண் பிரதமரா ஆகியிருந்தார். ஒரு நாட்டையே ஒரு பெண் நடத்தலாம், ஆனா அந்த நாட்டு ரோட்டரி கிளப்புல உறுப்பினர் ஆக முடியாது. மாநாட்டுப் பிரதிநிதிகள் அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறச் சொல்லி ஓட்டுப் போட்டாங்க. 1972ல அமெரிக்க கிளப் ஒண்ணு கேட்டுச்சு. 1977ல மூணு தீர்மானம். 1980ல திரும்பவும் இந்தியா, ஸ்வீடன், ஸ்விட்சர்லாந்து, அமெரிக்கா கிளப்புகள் கேட்டன. அந்தத் தடவை ரோட்டரியோட இயக்குநர் குழுவே கூடச் சேர்ந்து கேட்டுச்சு. அப்பவும் மாறல.

முப்பது வருஷம் உள்ளே இருந்து மரியாதையா கேட்டாங்க. ஒண்ணும் நடக்கல. டுவார்டே கேட்காம செஞ்சது. அதனாலதான் விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு.

ரோட்டரி ஒரு பிசினஸா?

கலிஃபோர்னியாவுல அன்ரு சட்டம்னு ஒண்ணு இருக்கு. வணிக நிறுவனங்கள் யாருக்கும் பால், இனம், மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாதுங்கறது அந்தச் சட்டம். ஹோட்டல், கடை, ஆபீஸ் எல்லாம் சரி. ரோட்டரி ஒரு வணிக நிறுவனமா?

வழக்கு முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுத்திதான் நடந்தது. ரோட்டரி தரப்பு சொன்னது: நாங்க சேவை அமைப்பு. உறுப்பினர்களுக்குத் தொழில்ல ஏதாவது லாபம் வந்தா அது தற்செயல். எங்க பொதுச் செயலாளர் ஹெர்பர்ட் பிக்மன் சாட்சி சொல்றார் கேளுங்க. ஆண்கள் மட்டும் இருக்கறதால கிளப்புக்குள்ள ஒரு வகைத் தோழமை இருக்கு, பல கலாசாரம் உள்ள பல நாடுகள்ல வேலை செய்யவும் அது வசதியா இருக்கு.

கீழ்க்கோர்ட்டு அதை ஏத்துக்கிச்சு. டுவார்டே தோத்தது.

1986ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாத்திப் போட்டது. தொழில் லாபம் தற்செயல் இல்லைன்னு சொல்லுச்சு. யோசிச்சா விஷயம் எளிமையானதுதான். உறுப்பினர் ஆகணும்னாலே தொழில் வேணும். உங்க தொழில் என்னங்கறதை வெச்சுத்தான் உங்களைச் சேர்ப்பாங்க. 1906ல முதல் நோக்கமா எழுதினதை, பிறகு எவ்வளவு நல்ல சேவை செஞ்சாலும், மறைக்க முடியல. அந்த வருஷம் செப்டம்பர்ல டுவார்டேக்குச் சாசனம் திரும்ப வந்தது. ரோட்டரி அடுத்த படிக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

எனக்கு இந்த வழக்குல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஒரு தொடர்பு வட்டத்தோட பலம் எங்க இருக்குன்னு இது காட்டுது. உள்ளே இருக்கறவங்க யாரும் பொய் சொல்லல. அவங்களுக்கு அது நிஜமாவே சாப்பாடும் சிரிப்பும் ஊர்ப் பேச்சும்தான். பேங்க் மேனேஜர் பக்கத்துல உட்கார்ந்து கிரிக்கெட்டோ பேஸ்பாலோ பேசினவருக்கு, ஆறு மாசம் கழிச்சு லோன் கேட்கப் போறப்போ அந்த மேனேஜர் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அது சலுகைன்னே அவருக்குத் தெரியாது. வெளியே நிக்கறவங்களுக்குத்தான் அது தெரியும்.

பழக்கமில்லாத நண்பர்கள்

சமூகவியல்ல இதுக்கு ஒரு புகழ்பெற்ற ஆய்வு இருக்கு. மார்க் கிரானோவெட்டர். 1973ல பலவீனமான உறவுகளோட பலம் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். மாசசூசெட்ஸ்ல நியூட்டன்ங்கிற ஊர்ல சமீபத்துல வேலை மாறினவங்களைத் தேடிப் போய்க் கேட்டார்: உங்களுக்கு இந்த வேலை எப்படித் தெரிஞ்சது? தெரிஞ்ச ஆள் மூலமா வேலை கிடைச்சவங்க கிட்ட இன்னொரு கேள்வி: அந்த ஆளை அப்போ நீங்க எவ்வளவு அடிக்கடி பாத்துக்கிட்டு இருந்தீங்க?

நெருங்கின நண்பர்கள்தான் உதவியிருப்பாங்கன்னு நினைப்போம். வந்த பதில் வேற. அடிக்கடி பாக்கற ஆள் மூலமா வந்தது 16.7 சதவீதம். எப்பவாவது பாக்கற ஆள் மூலமா 55.6 சதவீதம். ரொம்ப அபூர்வமா பாக்கற ஆள் மூலமா 27.8 சதவீதம். காரணம் சிம்பிள். உங்க நெருங்கின நண்பருக்குத் தெரிஞ்சது உங்களுக்கும் தெரியும். புதுத் தகவல் தூரத்துல இருந்துதான் வரும்.

வாரம் ஒரு தடவை, வேற வேற தொழில் செய்யற முப்பது பேரோட மதியச் சாப்பாடு. இது என்ன? பழக்கமில்லாத நண்பர்களைத் தயாரிக்கற இயந்திரம். டுவார்டே வழக்குல பெண்கள் கேட்டது அந்த இயந்திரத்துக்குள்ள ஓர் இடம்.

இன்னொரு சின்ன விஷயம். கிரானோவெட்டர் அந்த நியூட்டன் ஆய்வுக்கு எடுத்துக்கிட்டவங்க எல்லாரும் ஆண்கள்.

இங்க என்னைப் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன். கொஞ்ச நாள் முன்னாடி எங்க டீம்ல ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு. தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்கன்னு மேனேஜர் கேட்டார். நான் உடனே போனை எடுத்து என் காலேஜ் ஹாஸ்டல் வாட்ஸ்அப் க்ரூப்புல போட்டேன். ரெண்டு மணி நேரத்துல ஆறு பேர் வந்தாங்க. நல்ல பசங்க. ஒருத்தன் சேர்ந்துட்டான், நல்லா வேலை செய்யறான். இந்த எபிசோடுக்காகப் படிக்கறப்போதான் உறைச்சது: அது பாய்ஸ் ஹாஸ்டல் க்ரூப். என் கிளாஸ்ல பாதிப் பேர் பொண்ணுங்க. அவங்கள்ல ஒருத்தர் காதுக்குக் கூட அந்த வேலை போகல. நான் யாரையும் தடுக்கல. யாருக்கும் கதவைச் சாத்தல. எங்க போட்டா சீக்கிரம் வேலை முடியுமோ அங்க போட்டேன்.

அந்த 1982 ரோட்டரி உறுப்பினரைக் கேட்டிருந்தா அவரும் இதையேதான் சொல்லியிருப்பார்.

மே 4, 1987

உச்ச நீதிமன்றத்துல ரோட்டரி தரப்பு இப்போ வேற வாதம் வெச்சது. யாரோட சேரணும்னு முடிவு செய்யறது எங்க அரசியலமைப்பு உரிமை. வீட்டுக்கு யாரைச் சாப்பிடக் கூப்பிடணும்னு அரசாங்கம் சொல்ல முடியுமா?

இந்த வாதத்தைச் சும்மா தள்ளிட முடியாது. நமக்கும் அந்த உரிமை வேணும். பெண்கள் மட்டும் கூடற அமைப்புகளும் அதே உரிமையிலதான் நிக்குது. ஆனா மூணு வருஷம் முன்னாடி, 1984ல, ஜேசீஸ் அமைப்போட வழக்குல அதே நீதிமன்றம் ஒரு கோடு போட்டிருந்தது. மினியாபொலிஸ், செயின்ட் பால் ஜேசீஸ் கிளைகள் 1970கள்ல பெண்களை முழு உறுப்பினரா சேர்த்துச்சு. தேசிய அமைப்பு எதிர்த்துச்சு. அங்க பெண்கள் துணை உறுப்பினரா இருக்கலாம், ஆனா ஓட்டுப் போட முடியாது, பதவிக்கு நிக்க முடியாது. நீதிமன்றம் சொன்னதோட சாரம்: குடும்பம் மாதிரி சின்ன, நெருக்கமான உறவு வேற. ஆயிரக்கணக்கான அந்நியர்களைச் சேர்த்துக்கற அமைப்பு வேற.

ரோட்டரி எந்தப் பக்கம்? நீதிபதி லூயிஸ் பவல் எழுதின தீர்ப்பு எண்களைப் பாத்தது. 1982 ஆகஸ்ட் கணக்குப்படி 157 நாடுகள்ல 19,788 கிளப்புகள், சுமார் 9,07,750 உறுப்பினர்கள். சில கிளப்புகள்ல இருபதுக்கும் குறைவு, சிலதுல 900க்கும் மேல. வருஷா வருஷம் பத்துல ஒருத்தர் மாறிக்கிட்டே இருக்காங்க. கூட்டங்களுக்கு வெளியாட்கள் வராங்க, பத்திரிகைக்காரங்க வராங்க. இது வீட்டுச் சாப்பாட்டு மேசை இல்லை. பெண்களைச் சேர்த்தா ரோட்டரியோட சேவைக் கொள்கை எதையும் மாத்த வேண்டியதும் இல்லை.

அதோட முக்கியமான ஒரு வரி. பாகுபாட்டை ஒழிக்கறதுல அரசுக்கு இருக்கற அக்கறை கடையில கிடைக்கற பொருள், சேவையோட நிக்கறது இல்லை, தலைமைத் திறனும் தொழில் தொடர்புகளும் கிடைக்கறது வரைக்கும் அது நீளும்னு தீர்ப்பு சொன்னது. அதாவது யாரைத் தெரியும்ங்கறதும் ஒரு சொத்துன்னு நாட்டோட மிகப் பெரிய கோர்ட்டு எழுத்துல ஒத்துக்கிச்சு. ஏழு நீதிபதிகள் ஒரே பக்கம். ரெண்டு பேர் விசாரணையில கலந்துக்கல. எதிர்த்து ஒருத்தரும் இல்லை.

அந்த வருஷமே டுவார்டே கிளப்புக்கு ஒரு புதுத் தலைவர். சில்வியா விட்லாக், பள்ளி முதல்வர், கறுப்பினப் பெண். உலகத்துல ஒரு ரோட்டரி கிளப்புக்குத் தலைவரான முதல் பெண் அவர்தான். தலைவர் ஆகப் போறவங்களுக்கான பயிற்சிக்குப் போனப்போ அந்த அறையில இருந்த ஒரே பெண்ணும் அவர்தான்.

கையெழுத்துப் போட ஒரு ஆண்

அடுத்த ஒன்றரை வருஷத்துக்குள்ள இன்னும் ரெண்டு விஷயம் நடந்தது.

1988 ஜூன்ல நியூயார்க் நகரத்தோட ஒரு சட்டத்தை உச்ச நீதிமன்றம் உறுதி செஞ்சது. 400 உறுப்பினர்களுக்கு மேல இருந்து, வழக்கமா சாப்பாடு போட்டு, உறுப்பினர் அல்லாதவங்க கிட்ட இருந்தும் வியாபாரத்துக்காகப் பணம் வாங்கற கிளப், தனியார் கிளப்புன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

1988 அக்டோபர் 25ல அதிபர் ரீகன் பெண்கள் தொழில் உரிமைச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அதுவரைக்கும் அமெரிக்காவுல சில மாநிலங்கள்ல, ஒரு பெண் தொழில் கடன் வாங்கணும்னா கணவரோ அப்பாவோ சகோதரரோ கூடக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஆமா, 1988ல, அமெரிக்காவுல. அந்தச் சட்டம் அதை நிறுத்துச்சு. பெண் தொழில்முனைவோருக்குப் பயிற்சி மையங்களையும் ஒரு தேசிய ஆலோசனைக் குழுவையும் கொண்டுவந்தது.

அந்தச் சட்டம் யாரோட வேலை? 1975ல வாஷிங்டன் பகுதியில ஒரு டஜன் பெண் முதலாளிகள் சேர்ந்து ஆரம்பிச்ச சங்கம் ஒண்ணு. முதல்ல ஒருத்தருக்கொருத்தர் தகவல் சொல்லிக்கத்தான் கூடினாங்க. எந்த பேங்க் எப்படி நடந்துக்குதுன்னு பேசினாங்க. பேசப் பேசத்தான், இது என்னோட பிரச்சினை மட்டும் இல்லைன்னு ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்சது. தனியா இருந்தா, லோன் கிடைக்காததுக்கு நம்ம பிசினஸ் பிளான்தான் காரணம்னு நினைப்போம். பத்து பேர் ஒரே கதையைச் சொன்னாத்தான் அது விதியோட கோளாறுன்னு புரியும்.

அதனால இந்த ரெண்டு வழியும் எனக்கு எதிரெதிரா தெரியல. சொந்த மேசை போட்டவங்க சட்டத்தை மாத்தினாங்க. பழைய மேசையில இடம் கேட்டவங்க கதவைத் திறந்தாங்க. ஒண்ணு இல்லாம இன்னொண்ணு பாதிதான் வேலை செஞ்சிருக்கும்.

கதவு திறந்த பிறகு

1989ல ரோட்டரியோட விதி மாத்தற கவுன்சில் கூடி, ஆண்கள் மட்டும்ங்கற விதியை உலகம் முழுக்க எடுத்துச்சு. 1950ல இந்தியாவுல இருந்து கேட்டது 39 வருஷம் கழிச்சு நடந்தது. 1990 ஜூன்ல உலகத்துல சுமார் 20,200 பெண் ரோட்டரி உறுப்பினர்கள் இருந்தாங்க. 1995ல முதல் தடவையா எட்டுப் பெண்கள் மாவட்ட ஆளுநர் ஆனாங்க. 2022ல கனடாவைச் சேர்ந்த ஜெனிஃபர் ஜோன்ஸ் உலக ரோட்டரியோட முதல் பெண் தலைவர் ஆனார். பால் ஹாரிஸோட 711ஆம் அறையில இருந்து 117 வருஷம்.

நல்ல முடிவு மாதிரி இருக்கு. ஆனா ஒரு விஷயம் என்னை விடாம உறுத்துது.

டுவார்டே பெண்களுக்குச் சண்டை போட ஒரு விதி இருந்தது. ஆண்கள் மட்டும்னு அச்சடிச்ச ஒரு வரி. அதைக் கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம், நீதிபதி முன்னாடி வைக்கலாம். என் ஹாஸ்டல் க்ரூப்புல அப்படி ஒரு வரி கிடையாது. சனிக்கிழமை ராத்திரி டர்ஃப் கிரிக்கெட்டுக்கு வர்ற மேனேஜருக்கும் டீம் பசங்களுக்கும் நடுவுல அப்படி ஒரு விதி கிடையாது. ஆபீஸ் வாசல் டீக்கடையில நின்னு, அடுத்த ப்ராஜெக்ட் யாருக்குன்னு பேசறவங்களுக்கும் கிடையாது. எந்த அன்ரு சட்டமும் அங்க வராது. அதைத் திறக்கணும்னா உள்ளே இருக்கறவங்கதான் திறக்கணும்.

டுவார்டே கதையில பெண்களை மட்டும் பாத்தா பாதியைத்தான் பாக்கறோம். எட்டு ஆம்பளைங்க இருந்தாங்க. சாசனம் போச்சு, பேர் போச்சு, எட்டு வருஷத்துக்கு மேல ஊர் ஊரா இருக்கற ரோட்டரிக்காரங்க அவங்களை உறுப்பினரா மதிக்கல. மூணு பேரை வெளியே அனுப்பியிருந்தா எல்லாம் ஒரே வாரத்துல சரியாகியிருக்கும். அவங்க சக்கரத்து மேல எக்ஸ் குறி போட்டுக்கிட்டு அதே மேசையில சாப்பிட்டாங்க.

போன வாரம் எங்க டீம்ல இன்னொரு இடம் காலியாச்சு. இந்தத் தடவை ஹாஸ்டல் க்ரூப்புல போடறதுக்கு முன்னாடி, கிளாஸ் முழுக்க இருக்கற பழைய க்ரூப்பைத் தேடி எடுத்தேன். மூணு வருஷமா யாரும் அதுல பேசல, கடைசி மெசேஜ் ஒரு பொங்கல் வாழ்த்து. அதுல போட்டேன். நாலு பேர் கேட்டிருக்காங்க, அதுல மூணு பேர் பொண்ணுங்க. ஒருத்தங்க கேட்ட முதல் கேள்வி: "இந்த மாதிரி ஓப்பனிங் எல்லாம் இத்தனை நாள் எங்கடா போட்டுக்கிட்டு இருந்தீங்க?"

அதுக்கு நான் இன்னும் பதில் அனுப்பல. இந்த எபிசோடோட லிங்க்கை அனுப்பலாம்னு இருக்கேன்.